வீட்டுக்கு வராத தட்டு

"அக்கா, இந்த வருசம் சாதனையாளர் தினத்துக்கு மலர் போடுறோம். பழைய ஆளுகள்ட்ட எல்லாம் கட்டுரை கேட்டுருக்கோம். நீங்களும் ஒண்ணு எழுதிக் குடுங்க. இனிமையான நினைவுகளா இருந்தா நல்லா இருக்கும்னு டீன் சார் சொன்னாக."

போனில் பேசியவள் பிரேமா. பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் எனக்குக் கீழே தட்டச்சராகச் சேர்ந்தவள். நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு காலத்தில் நான் உட்கார்ந்த கண்காணிப்பாளர் நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"இனிப்பா வேணும்னா கந்தரப்பம் சுட்டுத் தாரேன், பள்ளத்தூருக்கு வந்து வாங்கிட்டுப் போ. கட்டுரையெல்லாம் இனிப்பா வராது."

"என்னக்கா இப்புடிச் சொல்றீக!"

அவளிடம் அப்படிச் சொல்லிவிட்டேன். மலர் அச்சாகி வந்தது, விழாவும் போன வாரம் முடிந்தது. விழாவில் நடந்ததைக் கேட்ட பிறகுதான் நான் எழுதவே உட்கார்ந்தேன். கோபத்தில் எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதமாட்டேன். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், செம்மண் பொட்டலில், முதலில் கல்லூரியாக இருந்து பிறகு பெரிதான ஒரு தனியார் நிறுவனம் என்று தெரிந்தால் போதும். டீன் பெயரையும் எழுதப்போவதில்லை. அச்சில் தன் பெயரைப் பார்த்தால் அவர் அதையும் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார்.

கல்லூரியாக இருந்த காலத்திலேயே நான் அங்கே தட்டச்சராகப் போய்விட்டேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கோப்புக்கு எண் போடக் கற்றேன், குறிப்பு எழுதக் கற்றேன், மேலதிகாரி கோபமாக இருக்கும்போது எந்தக் கோப்பை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதைக் கற்றேன். எனக்குக் குரல் கணீரென்று இருக்கும். வயல் வரப்பில் நின்று கூப்பிட்டுப் பழகிய குரல். ஒருமுறை விழாவில் தொகுப்புரை சொல்ல வேண்டியவர் வரவில்லை என்று என்னை மைக் முன்னால் தள்ளினார்கள். அதற்குப் பிறகு நான் வேறு பிரிவுக்குத் துரத்தப்படும்வரை அந்த மைக் என்னிடம்தான் இருந்தது.

இங்கே எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். திருப்பத்தூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழா என்றால் முதல் மரியாதை, இரண்டாம் மரியாதை என்று வரிசை உண்டு. பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, தேங்காய் பழத்தோடு தட்டைக் கையில் கொடுப்பார்கள். எங்கள் அப்பாவுக்கும் அதில் ஒரு இடம் இருந்தது. அந்த ஒரு முழத் துணிக்காக ஊர் இரண்டுபட்டுத் தேர் நின்ற கதையெல்லாம் உண்டு. சின்ன வயதில் எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. படிச்சவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டால் இந்தக் கூத்தெல்லாம் இருக்காது என்று நினைத்திருந்தேன்.

ஆனால் அந்தக் கூத்திலும் ஒரு ஒழுங்கு இருந்தது. மரியாதைக்கு உரியவர் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தால், அவருடைய துணியை வேறு எவன் தலையிலும் கட்டமாட்டார்கள். தட்டில் பரிவட்டத்தையும் மாலையையும் தேங்காயையும் வைத்து, மேளத்தோடு அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஆண்பிள்ளை இல்லாமல் போன வீட்டுக்கும் தட்டு போகும், அந்த வீட்டுப் பெண் வாசலில் நின்று வாங்கிக்கொள்வாள். அப்பா ஒரு வருடம் காய்ச்சலில் கிடந்தபோது எங்கள் வீட்டுக்குத் தட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒருவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் ஊர்க்காரன் தன் மரியாதைக்காக மண்டையை உடைப்பான், அடுத்தவன் மரியாதையை எடுத்துத் தன் தலையில் கட்டிக்கொள்ளமாட்டான். அதைச் செய்ய நிறையப் படித்திருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் சாதனையாளர் தினம் மூன்று பாகம். முதலில் ஆய்வு: யார் எந்த ஆய்விதழில் கட்டுரை எழுதினார்கள், யாருக்குக் காப்புரிமை கிடைத்தது என்பது. அடுத்து நிதி: வெளியிலிருந்து யார் ஆராய்ச்சித் திட்டம் வாங்கி வந்தார்கள் என்பது. கடைசியில் பணியாளர்: அலுவலகம், ஆய்வகம், தோட்டம், வண்டி. முதல் இரண்டு பாகத்துக்கும் ஆளை மேடைக்கு அழைப்போம். மூன்றாவது வரும்போது எப்போதும் நேரம் ஆகிவிடும். "பணியாளர்கள் அவரவர் இடத்திலேயே எழுந்து நின்று பாராட்டைப் பெற்றுக்கொள்ளவும்" என்று என்னை அறிவிக்கச் சொல்வார்கள். ஆய்வகத்தில் ஆயுள் முழுக்க அமில வாடையில் நின்ற மனுசன் எழுந்து நிற்பான், யாரும் திரும்பிப் பார்ப்பதற்குள் தேசிய கீதம் போட்டுவிடுவார்கள்.

பொன்னாடையிலும் தரம் உண்டு. காரைக்குடிக் கடையில் நானே போய் எடுப்பேன். வேந்தருக்கும் துணைவேந்தருக்கும் கனத்த சரிகை. பேராசிரியர்களுக்கு நடுத்தரம். மற்றவர்களுக்குக் கொசுவலை. ஒத்திகை வைப்போம்: இடது கையில் கேடயம், வலது கையில் கைகுலுக்கல், முகம் கேமராவைப் பார்க்கணும். சான்றிதழ் உறை மட்டும்தான் மேடையில், உள்ளே காகிதம் இருக்காது. துணைவேந்தர் கையெழுத்துப் போட நேரம் இருந்திருக்காது. வெறும் உறையை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு, பிறகு என் மேசைக்கு வந்து "மேடம், சர்டிபிகேட் வந்துருச்சா" என்று நடையாய் நடப்பார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் ஒன்று உண்டு. விருது வாங்குகிறவர் வெறுங்கையோடு மேடை ஏறக் கூடாது. தன் சொந்தக் காசில் ஒரு பொன்னாடை வாங்கி வந்து, டீனுக்குத் திருப்பிப் போர்த்த வேண்டும். எங்கேயும் எழுதி வைத்ததில்லை, ஆனால் செய்யாதவர்கள் கதி எல்லோருக்கும் தெரியும். பாராட்டப்படுகிறவன் ஒரு துணி வாங்க, பாராட்டுகிறவர் மலைபோல் துணி வாங்குவார். விழா முடிந்ததும் அவையெல்லாம் டீன் அறை பீரோவுக்குப் போகும், அடுத்த வருடம் கொசுவலை ரகத்தோடு கலந்து மறுபடி மேடைக்கு வரும். பச்சை நிறத்தில் ஒன்று, ஓரத்தில் சாம்பார்க் கறையோடு, வருடா வருடம் வந்துகொண்டே இருந்தது.

டீனைப் பற்றிச் சொல்கிறேன். ஆராய்ச்சிப் பிரிவு முழுக்க அவர் கையில். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. சட்டைப்பையில் ஏலக்காய் வைத்திருப்பார், பேசுவதற்கு முன் ஒன்றை வாயில் போடுவார். பேனாவைத் தொடமாட்டார், பென்சில்தான். பெண்கள் எல்லோரும் "அம்மா", ஆண்கள் எல்லோரும் "தம்பி". "நாமெல்லாம் ஒரு குடும்பந்தானே" என்பார். யாராவது தன் பெயரில் மட்டும் ஒரு கட்டுரையோ திட்டமோ கொண்டுவந்தால், பென்சில் முனையால் அந்தப் பெயரை மெதுவாகத் தட்டுவார். "இது கொஞ்சம் தனியா நிக்குதேம்மா." அவ்வளவுதான் சொல்வார். அடுத்த முறை அந்தத் தாள் வரும்போது அந்தப் பெயருக்கு முன்னால் அவர் பெயர் ஏறியிருக்கும். கேட்கவும் இல்லை, மிரட்டவும் இல்லை, எவனும் அவர்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் பெயரில் வந்த கட்டுரைகளை எல்லாம் படித்துப் பார்க்கவாவது அவருக்கு நேரம் இருந்திருக்குமா என்று நாங்கள் டீக்கடையில் பேசிக்கொள்வோம்.

தேன்மொழி எங்களிடம் வந்தது அந்தச் சமயத்தில்தான். திருக்கோஷ்டியூருக்கு அங்குட்டு ஒரு சின்ன ஊர். அப்பா இல்லை, அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் படிக்க வைத்த பிள்ளை. முனைவர் பட்டம் முடித்தும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட பெண்களுக்கென்று டெல்லியில் ஒரு நிதி உண்டு. அந்தப் பெண்ணே முதன்மை ஆய்வாளராகத் தன் பெயரில் கேட்கலாம். ஒரு நிறுவனம் உட்கார இடம் கொடுக்க வேண்டும், ஒரு பேராசிரியர் வழிகாட்டி என்று கையெழுத்துப் போட வேண்டும். இடம் நாங்கள் கொடுத்தோம், வழிகாட்டிக் கையெழுத்து டீன் போட்டார்.

அவள் செய்தது தண்ணீர் வேலை. இந்தப் பக்கத்தில் சில ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளுக்குப் பல் மஞ்சளாகக் கறை பிடித்துவிடும், பெரியவர்களுக்கு மூட்டு மடங்காது. நம் பக்கம் காலால் இடறினாலே கிடைக்கும் செம்புறாங்கல்லை உடைத்து, சுட்டு, பக்குவம் பண்ணி, அதன் வழியே தண்ணீரை விட்டால் அந்த உப்பு குறையும் என்று கண்டுபிடித்து, ஒரு வடிகட்டி செய்தாள். மொபெட்டில் பிளாஸ்டிக் கேன்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடித்து வருவாள். என் மேசைக்கு வரும்போது கையெல்லாம் அந்தக் கல்லின் செம்பொடியாக இருக்கும். நான் திட்டுவேன்.

"கையக் கழுவிட்டு வா தாயி. கோப்பு பூராம் உன் கைரேகையா இருக்கு."

"கழுவிட்டுத்தான்க்கா வாரேன். போக மாட்டேங்குது."

ஒருநாள் ஏன் இதையே பிடித்துக்கொண்டாய் என்று கேட்டேன். "எங்கம்மா சிரிச்சு நான் பாத்ததில்லைக்கா. சிரிப்பு வந்தா முந்தானைய வாயில வச்சுக்கிரும். பல்லு அப்புடி. சின்னப் பிள்ளையில இருந்தே அந்தத் தண்ணிதானே."

ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளுடைய வடிகட்டியை வைத்தார்கள். வேலை செய்தது. டெல்லியிலிருந்து பாராட்டி எழுதி, அடுத்த கட்டத்துக்கும் நிதி கொடுத்தார்கள். அந்த வருடம் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வந்ததில் அதுதான் பெரிய திட்டம். அதே சமயம் சுற்றுச்சூழல் துறையில் உதவிப் பேராசிரியர் வேலை ஒன்று காலி. சாதனையாளர் தினம் முடிந்ததும் நேர்காணல். அவளுக்கு வயது வரம்பு நெருங்கிவிட்டது, அந்த வேலையை விட்டால் இங்கே இன்னொன்று இல்லை. பல்கலைக்கழகம் மேடையில் அழைத்துக் கொடுக்கும் விருதுதான் நேர்காணலில் முதலில் பேசும். அதை அவளும் அறிவாள், நானும் அறிவேன், டீனும் அறிவார்.

தேர்வுக் குழுவில் அவளுடைய தாள் வந்தது. நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். ஏலக்காய் வாய்க்குப் போனது. பென்சில் முனை அவள் பெயரைத் தட்டியது.

"இது கொஞ்சம் தனியா நிக்குதேம்மா."

"அது தனியா நிக்க வேண்டியதுதான் சார். டெல்லி உத்தரவுலயே முதன்மை ஆய்வாளர் அவங்க பேருதானே" என்றேன்.

சுற்றி உட்கார்ந்திருந்த பேராசிரியர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே இருந்த புங்க மரத்தைப் பார்த்தார்கள். அவ்வளவு அழகான மரம் இல்லை அது.

"உத்தரவு அவங்களுக்கு. விருது நம்ம குடும்பத்துக்கு. அவங்க நம்ம நிரந்தர ஆசிரியர் கிடையாதே, மேடையில ஏத்தினா மத்தவங்க வருத்தப்படுவாங்க. வழிகாட்டிங்கற முறையில நான் வாங்கிக்கிறேன். அந்தப் பொண்ணு முன்வரிசையில உக்காரட்டும்."

முன்வரிசையும் கடைசியில் கொடுக்கவில்லை. அது வேந்தருடைய உறவினர்களுக்குப் போய்விட்டது.

தேன்மொழியிடம் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "அம்மாவ வரச் சொல்லிட்டேனேக்கா" என்றாள்.

விழா அன்று காலையில் அந்த அம்மா வந்து சேர்ந்தார். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை, தலையில் கனகாம்பரம். கையில் ஒரு துணிக்கடைப் பை. என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"வாங்கம்மா, சாப்டீகளா?"

"ஆச்சு தாயி. பெரிய சாருக்குத் துணி போடணும்னு பாப்பா முன்னாடி சொல்லுச்சு. காரைக்குடியில பஸ்ஸ விட்டு இறங்கினதும் எடுத்துட்டேன். இது நல்லா இருக்கா பாருங்க. குறைச்சலா இருந்துச்சுன்னா சங்கடமாப் போயிரும்."

பையைத் திறந்து காட்டினார். வேந்தருக்கு நான் எடுத்ததைவிடக் கனமான சரிகை. மகள் மேடை ஏறப்போவதில்லை என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. தேன்மொழி சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டு மேடைக்குப் போனேன்.

ஆய்வுப் பாகம் முடிந்தது. நிதிப் பாகம் வந்தது. என் கையில் இருந்த தாளில், நீர்த் திட்டத்துக்காக டீன் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம் என்று இருந்தது. டீன் மேடையிலேயேதான் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து சட்டையை நீவிக்கொண்டார். துணைவேந்தர் கையில் பொன்னாடை தயாராக இருந்தது. நான் மண்டபத்தின் கடைசியைப் பார்த்தேன். அந்த அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திரு என்று மகளை முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்.

தாளை மடித்து வைத்தேன். "செம்புறாங்கல் வடிகட்டி" என்று ஆரம்பித்தேன். "இதைக் கண்டுபிடித்து, இதற்கு நிதி வாங்கி, ஊர் ஊராகப் போய் வேலையை முடித்தவர் முனைவர் தேன்மொழி. அவருக்கு இந்த மேடையில் நாற்காலி இல்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மரியாதைக்கு உரியவர் சன்னிதிக்கு வரமுடியாவிட்டால், தட்டு அவர் இருக்கும் இடத்துக்குப் போகும்."

துணைவேந்தர் கையிலிருந்த பொன்னாடையை நானே வாங்கி, கேடயங்களை ஏந்திவரும் தட்டில் வைத்தேன். கேடயத்தையும் வைத்தேன். பாவம், அவர் கொடுத்துவிட்டார். படியிறங்கி நடுவழியாக நடந்தேன். என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. தேன்மொழி எழுந்து நின்று அழுதாள். நான் போர்த்திவிட்டேன். கேடயத்தை அவள் அம்மா வாங்கிக்கொண்டார், இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் வாயை மூட முந்தானையை எடுக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பை முழுசாகப் பார்த்தேன். மாணவர்கள் பக்கமிருந்து ஒரு விசில் வந்தது, பிறகு கைத்தட்டல் கிளம்பியது.

அந்த நிமிடத்தோடு கதையை முடித்திருந்தால் நானும் இனிமையான கட்டுரை எழுதிக் கொடுத்திருப்பேன். மேடையில் டீன் மைக்கைக் கையில் எடுத்திருந்தார்.

"நம்ம சொர்ணம் அம்மா அழகாச் செஞ்சுட்டாங்க" என்றார். குரலில் ஒரு நடுக்கம் கிடையாது. "நான்தான் அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். இந்த விருது எனக்கு அறிவிச்சது. ஆனா என் மக மாதிரி இருக்கற அந்தப் பொண்ணுகிட்டக் கொண்டுபோய்க் குடுத்துடுங்கம்மான்னு. வழிகாட்டிங்கறவன் விட்டுக்கொடுக்கணும். குடும்பம்னா அதுதானே!"

அடப்பாவி!

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்குத் தட்டியதைவிட, தேன்மொழிக்குத் தட்டியதைவிட, இரண்டு மடங்கு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யைத் திருடினவனே பரிமாறியும் பெயர் வாங்கினான். நான் நடுவழியில் வெறும் தட்டோடு நின்றேன். இல்லை, பொய் என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் தேன்மொழியின் அம்மா என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். மேடை ஏறி, அந்தக் கனத்த சரிகைப் பொன்னாடையைப் பிரித்து, டீன் தோளில் போர்த்தி, "நல்லா இருப்பீக சார்" என்று கும்பிட்டார். டீன் குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். புகைப்படக்காரர் ஓடிவந்து எடுத்த படம் மறுநாள் பேப்பரில் வந்தது. "விருதை மாணவிக்கு விட்டுக்கொடுத்த டீனின் பெருந்தன்மை." மாணவியாம்!

நேர்காணலுக்குக் குழுத் தலைவர் டீன். அறையைவிட்டு வெளியே வந்த தேன்மொழி நேராக என் மேசைக்கு வந்தாள். உள்ளே அவர் கேட்டதை அப்படியே சொன்னாள்.

"அந்த விருது என்னோடது, அத உனக்கு விட்டுக்கொடுத்தேன், அது எல்லாருக்கும் தெரியும். உன்னோடதுன்னு தனியா என்னம்மா இருக்குன்னு கேட்டாருக்கா."

"நீ என்ன சொன்ன?"

"கல்லுப் பொடி போகாத இந்தக் கையக் காட்டினேன். சிரிச்சாரு."

அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. டீனிடம் ஆய்வு செய்த ஒரு பையனுக்குக் கிடைத்தது.

அன்றைக்கு நான் டீன் அறைக்குள் போய் நின்றேன். கதவைத் தட்டவில்லை. "நீங்க நல்லா இருப்பீகளா? அந்தப் பிள்ளை வாயில மண்ணப் போட்டுட்டீகளே" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அச்சில் வராது. அவர் ஏலக்காயை மென்று முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோபப்படாதீங்கம்மா. மேடையில நீங்க செஞ்சதுக்கு மெமோ குடுத்திருக்கலாம். குடுத்தேனா? உங்க பேரையும் சேத்துத்தானே பேசினேன்?"

உண்மைதான், மெமோ கொடுக்க முடியாது. தானே செய்யச் சொன்னதாக ஊரெல்லாம் சொன்ன காரியத்துக்கு எப்படித் தண்டனை கொடுப்பார்? அடுத்த மாதம் என்னை விடுதிப் பிரிவுக்கு மாற்றினார்கள். என் அனுபவம் அங்கே தேவைப்படுகிறதாம். மைக் வேறொரு பெண்ணிடம் போனது, அவள் எழுதிக் கொடுத்ததை மட்டும் படிப்பாள். விடுதியில் அரிசி மூட்டைக்கும் குழாய்ச் சண்டைக்கும் நடுவில் என் சர்வீஸ் முடிந்தது. பிரிவு உபசார நாளில் எனக்கும் ஒரு பொன்னாடை போட்டார்கள். பச்சை நிறம். ஓரத்தில் சாம்பார்க் கறை. வீட்டுக்கு வந்ததும் அதை அரிசி புடைக்கக் கீழே விரித்தேன், இன்றும் அதற்குத்தான் ஆகிறது.

தேன்மொழி திட்டத்தை எடுத்துக்கொண்டு வெளி மாநிலத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனாள். அங்கே அவளை வேலைக்கு எடுத்தவர்கள் யார் விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை. அவளுடைய வடிகட்டி இன்று பல பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. பெரிய இடங்களில் கூப்பிட்டுப் பாராட்டுகிறார்கள். உடனே எங்கள் ஆட்களுக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இந்த வருடம் நுழைவாயிலில் அவள் படத்தோடு பேனர்: "எங்கள் மண்ணின் பெருமை." டீன் ஓய்வு பெற்று ஆலோசகர் ஆகிவிட்டார், ஆனாலும் எல்லோர் வாயிலும் டீன் சார்தான். அவளுக்கு ஒரு சிறப்பு விருது. அவளை எப்படியாவது வரவழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் பிரேமா எனக்குப் போன் செய்தாள். மலரும் கட்டுரையும் அதற்கு முகவுரை.

தேன்மொழியிடம் பேசினேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள், இப்போதெல்லாம் அவளால் சிரிக்க முடிகிறது.

"மேடைக்கெல்லாம் வரலக்கா. நீங்க அன்னைக்குச் சொன்னீகள்ல, அதே மாதிரி தட்ட வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க. அம்மா ஊருலதான் இருக்கு. யாரு தூக்கிட்டு வாராகன்னு பாப்போம்."

அதை வார்த்தை மாறாமல் பிரேமாவிடம் சொன்னேன். அவள் டீனிடம் சொன்னாள். போன வாரம் விழா நடந்தது. அன்று சாயங்காலம் பிரேமா மறுபடி போன் செய்தாள்.

"அக்கா... அவுக வரலைல்ல... அவுக சார்பா டீன் சாரே வாங்கிக்கிட்டாக. என் மக மாதிரின்னு சொல்லிக் கண்ணத் தொடச்சுக்கிட்டாக. எல்லாரும் கைதட்டுனாகக்கா."

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பஸ் ஏறி அங்கே போனேன். ஆலோசகர் அறையில் கண்ணாடி பீரோ. உள்ளே அந்தக் கேடயம், தேன்மொழி பெயர் பொறித்தது, அவருடைய கேடயங்களுக்கு நடுவில். என்னைப் பார்த்ததும், "வாங்க சொர்ணம் அம்மா" என்று ஏலக்காயை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"தட்டு எங்க?" என்றேன்.

"எந்தத் தட்டு? ஓ, கேடயமா! நீங்க வந்ததே நல்லதாப் போச்சு. உங்ககிட்டயே குடுத்து அனுப்பணும்னு நெனச்சிட்டு இருந்தேன். எடுத்துட்டுப் போங்கம்மா."

பார்த்தீர்களா? நான் நடந்து வந்த நடையையும் தன் யோசனை ஆக்கிக்கொண்டார். ஆனால் இந்த முறை நான் கை நீட்டவில்லை.

"நான் தூக்க வரல சார். ஒருக்க நான் தூக்கிட்டுப் போனதுல நடந்தது போதும். இதை நீங்க தூக்கணும். உங்க கையால. அந்த அம்மா வாசலுக்குப் போய், இது உங்க மகளோடது, முன்னாடி வாங்கினதும் உங்க மகளோடதுதான், நான் விட்டுக்கொடுக்க அதுல என்னோடது ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிக் குடுக்கணும். அந்த அம்மா உங்களுக்குப் போத்துன துணி பீரோவுல இருந்தா அதையும் எடுத்துக்கங்க. திருக்கோஷ்டியூர் வழியா பஸ் இருக்கு. வழி தெரியலைன்னா நான் கூட வந்து காட்டுறேன்."

அவர் என்னையே பார்த்தார். பென்சிலை எடுத்தார், கீழே வைத்தார். "பாக்கலாம்மா" என்றார் கடைசியில். நான் திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். மலரில் இது வராது, வேறு எங்காவது வரட்டும். ஒருவேளை அவர் போனாலும் போவார். அந்த வாசலில் தட்டோடு நிற்பதைப் படம் பிடிக்க ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டே போவார். படம் பேப்பரில் வரும். கீழே பெருந்தன்மை என்று எழுதுவார்கள். அதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: அது அவருடைய யோசனை இல்லை. நான் கேட்டேன். அவர் மேசைக்கு முன்னால் நின்று கேட்டேன். கொடுத்தாரென்றால், நான் கேட்ட பிறகுதான் கொடுத்திருப்பார். அவர் முந்திக்கொள்வதற்குள் எழுதிவிட்டேன்.

இன்று காலை தேன்மொழியின் அம்மாவுக்குப் போன் செய்தேன். தட்டு இன்னும் வரவில்லை.